தொண்டைமானாற்றங்கரையில் ஒரு பழைய மோட்டர்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். நீர்வேலியின் வாழைத் தோட்டங்களும் வழிநெடுகிலும் தெரியும் செம்மண்ணும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அச்சுவேலியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் காட்சி மாறிவிடுகிறது. மண் வெளுக்கிறது, பனைகள் கூடுகின்றன, பேருந்து யன்னலால் வரும் காற்று உதட்டில் கரிக்கிறது. கடல்நீரேரியின் பாலத்தில் பேருந்து ஏறும்போது வலப்பக்கம் சந்நிதி முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துப் பாதிப் பேர் கைகூப்புகிறார்கள். தொண்டைமானாறு வந்துவிட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அப்படியானால் இந்த ஊருக்கு ஆற்றின் பெயர் எப்படி வந்தது? குலோத்துங்க சோழனின் படைத்தலைவனான கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக இந்த நீர்வழியை வெட்டுவித்தான், அதனால் தொண்டைமானாறு என்பது ஊரில் வழங்கும் பழங்கதை. மெய்யோ பொய்யோ, கதையிலும் உப்புத்தான் வருகிறது. பாலத்தோடு சேர்ந்த தடுப்பணையும் உப்புக்காகக் கட்டியதே. கடல்நீர் உள்ளே ஏறாமல் மறித்து, மாரி மழைநீரை ஏரியிலே தேக்கினால் காலப்போக்கில் நீர் நன்னீராகும் என்பது எண்ணம். பொறியியலாளர் ஆறுமுகம் 1950-களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற பெரிய திட்டத்திலும் இந்த அணைக்கு முக்கிய இடமுண்டு. அந்தத் திட்டம் இன்றுவரை முழுமை பெறவில்லை.

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. சந்நிதியில் நல்ல சனம். வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கப்பூகரையும், ஆலமிலைகளில் அமுது படைப்பதையும் சிறுவயதில் வியப்போடு பார்த்த நினைவு வந்தது. அன்னதானக் கந்தன் என்று பெயரெடுத்த கோயில். கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் அன்றும் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. கும்பிட்டு, சாப்பிட்டு, பெரியம்மாவின் மகள் வீட்டுக்கு நடந்தேன். எனக்கு அவர் அக்கா முறை. கணவர் காலமாகி இரண்டு வருடம். அதற்குப் பிறகு நான் போகும் முதல் பயணம் அது. என்ன பேசுவது, எப்படி ஆறுதல் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

படலையைத் திறக்கும்போதே பின்வளவில் ‘ங்ங்’ என்று ஓர் ஓசை. தண்ணீர் இறைக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், கொட்டிலுக்குள் ஒரு மரச்சட்டத்தின் முன் அக்கா அமர்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறார். பாதித் தேங்காயைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் சுவிட்சை நிறுத்தினார். பிறகு பிளக்கைக் கழற்றினார். அதன் பிறகுதான் “வா பிள்ளை” என்றார். அந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்காவின் சீவியம் இடியப்பமும் பிட்டும் சம்பலும். காலை ஆறு மணிக்கு இரண்டு கடைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நாளொன்றுக்கு இருபது தேங்காய். பழைய திருவலையில் இருந்து இருபது தேங்காய் திருவிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நோவு தெரியும். சென்ற வருடம் வலக்கை மணிக்கட்டு வீங்கி, விரல்கள் விறைத்து, இரவில் நித்திரையில்லாத நிலைக்கு வந்துவிட்டது. கையை ஆறவிடச் சொன்னார் வைத்தியர். கையை ஆறவிட்டால் அடுப்பு எரியாது. கடையில் விற்கும் மின்சாரத் திருவலையின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாராம்.

அப்போதுதான் கிணற்றடி மோட்டர் பழுதாகியது. அத்தான் இருந்த காலத்தில் வாங்கிப் பூட்டிய அரைக் குதிரைவலு மோட்டர். திருத்த வந்தவர் பார்த்துவிட்டு, “அக்கா, பம்பி உக்கிப்போச்சு, புதுசுதான் வாங்கவேணும்” என்றார். பழைய இரும்புக்காரர் நிறைக்கு விலை சொன்னார். அத்தான் தன் கையால் பூட்டியதை அப்படித் தூக்கிக் கொடுக்க மனம் வராமல் அக்கா அதைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் ‘தண்ணி மோட்டர்’ என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள். முன்பாதி பம்பி. அது தண்ணீரை இழுத்துத் தள்ளும் இரும்புக்கூடு. பின்பாதிதான் மோட்டர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது. மேலே நன்னீர், அதன் கீழே உவர்நீர். நிலாவரைக் கிணற்றைப் பற்றி மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று சொல்வார்களே, குடாநாடு முழுவதுமே ஒருவகையில் அப்படித்தான். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதன் களைத்தால் இறைப்பும் நின்றது. மோட்டர் களைக்காது. இழுக்க இழுக்கக் கீழேயுள்ள உவர் மேலேறும். கடலையும் ஏரியையும் அண்டிய இந்த ஊர்களிலே பம்பியின் இரும்பு கறள் பிடித்துச் சீக்கிரம் ஓட்டையாவதற்கு அதுவே காரணம். ஆனால் பின்னாலுள்ள மோட்டருக்குள் தண்ணீர் போகாது. சீல் கசிந்தால் முன்பக்கத்துப் பெயரிங் மட்டும் கறள் பிடிக்கும். ஆகவே பம்பி செத்து, மோட்டர் உயிரோடிருக்கும் நிலையில்தான் நாம் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து எறிந்துவிடுகிறோம்.

இதை அக்காவுக்குச் சொன்னவர் ஊரிலே மோட்டர் சுற்றும் ஓர் அண்ணை. அச்சைக் கையாற் சுழற்றிப் பார்த்தார். கரகரவென்றது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். கம்பிச்சுற்று எரிந்திருந்தால் ஒரு புகைந்த நாற்றம் வரும், அது இல்லை. மின்கசிவு சோதிக்கும் கருவியை வைத்துச் சுருளிலிருந்து கூட்டுக்குக் கசிவு இல்லை என்று உறுதிசெய்தார். பெயரிங் இரண்டையும் மாற்றினார். இத்தகைய சிறு மோட்டர்களில் பெரும்பாலும் 6202 அல்லது 6203 என்ற இலக்கம் பெயரிங்கின் மேல் அடித்திருக்கும். முதலாவதன் துளை 15 மில்லிமீற்றர், மற்றது 17. அந்த இலக்கத்தைச் சொன்னால் சைக்கிள் கடைக்குப் பக்கத்து உதிரிப்பாகக் கடையிலேயே கிடைத்துவிடும்.

நான் வியந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வியப்புக்குக் காரணம் அக்காவின் பேச்சு மட்டுமல்ல. தொண்டைமானாறு என்றதும் எங்கள் காலத்து மாணவர்களுக்குச் சந்நிதிக்கு அடுத்தபடியாக நினைவு வருவது வெளிக்கள நிலையம். அதன் பரீட்சை வினாத்தாள்களை எழுதாமல் உயர்தரம் எழுதியவர் எங்களில் குறைவு. 1990-களின் முற்பகுதியில், ஜாம் போத்தல் விளக்கில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பௌதிகவியல் படித்தவள் நான். மோட்டருக்கு பிளெமிங்கின் இடக்கை விதி, மின்பிறப்பாக்கிக்கு வலக்கை விதி என்று விரல்களை மடக்கி மடக்கி மனனம் செய்தேன். புள்ளியும் வாங்கினேன். ஆனால் இன்றுவரை ஒரு மோட்டரின் மூடியைத் திறந்ததில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா ‘கப்பாசிற்றர்’, ‘வைண்டிங்’ என்று உப்புப் புளி போலச் சொல்லிக்கொண்டு போகிறார்.

அந்தக் காலத்தில் இந்த விதிகள் புத்தகத்துக்கு வெளியே எங்கள் முற்றங்களில் நடந்துகொண்டுதான் இருந்தன. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் ரோர்ச் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையாற் சுற்ற, சில்லில் உரசிய தைனமோ 6 வோல்ற் மின்சாரம் தரும். நான்கு ரோர்ச் பற்றரி சேர்ந்தால் வரும் வோல்ற்றும் அதே 6 தான். தைனமோவின் மின் முன்னும் பின்னுமாக ஓடுவது. அதை ஒருவழிப்படுத்த இரண்டொரு டயோட், சீராக்க ஒரு கப்பாசிற்றர். அவ்வளவுதான், வானொலி செய்தி சொல்லும், கசற் பாட்டுப் பாடும். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரும் களைப்பார்! பழுதான வானொலிகளைக் கழற்றித்தான் அந்த டயோட்டுகளை எடுத்தார்கள். எதையும் எறியாத அந்தப் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு அப்படித்தான் வந்தது.

மின்சார மோட்டர்கள் அப்போது மூலையில் கிடந்தன. எங்கள் வீட்டு மோட்டரை 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வின்போது கிணற்றடியிலேயே விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது கூடு இருந்தது. உள்ளேயிருந்த செப்புக் கம்பி இல்லை.

சரி, அக்காவின் கொட்டிலுக்கு வருவோம். மோட்டரை நேரே திருவலையோடு பூட்டவில்லை. அதன் முகத்தகட்டில் 2850 என்று எழுதியிருக்கிறது. நிமிடத்துக்கு 2850 சுற்று. நம் நாட்டின் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் தண்ணீர் மோட்டர்கள் அநேகமாக இந்த வேகந்தான். இதே வேகத்தில் திருவலை சுழன்றால் தேங்காய்ப்பூ கூரைக்குப் போகும், சிரட்டை கையை விட்டுப் பறக்கும். எனவே மோட்டர் அச்சில் 2 அங்குலப் புல்லி, திருவலை அச்சில் 6 அங்குலப் புல்லி, நடுவே ஒரு பெல்ட். வேகம் மூன்றிலொன்றாகிவிடுகிறது. ஏறத்தாழ 950. வேகம் குறையும் அளவுக்கு இழுவை கூடும் என்பதால் முற்றிய தேங்காய்க்கும் மோட்டர் திணறுவதில்லை. திருவலைப் பல்லை இரும்புக் கடையில் வாங்கியிருக்கிறார். சட்டம் பழைய கட்டிலின் காலும் விட்டமும்.

பெல்ட் வைத்ததில் இன்னொரு நன்மை இருப்பதை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்தது. செய்து மூன்றாம் வாரம். மருமகள் உதவிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் ஷோல். ஒரு நொடி குனிந்ததும் ஷோலின் நுனியைத் திருவலை பற்றிச் சுற்றிக்கொண்டது. நல்ல காலமாக அன்று பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருக்கவில்லை. துணி சிக்கியதும் பெல்ட் வழுக்கிக் கழன்று விழுந்தது. மோட்டர் தனியே சுழல, திருவலை நின்றுவிட்டது. கழுத்தில் ஒரு சிவந்த கோடு. “நேரே பூட்டியிருந்தால் நான் என்ர பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவன்?” என்று அக்கா கேட்டார். நான் ஒன்றும் பேசவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கொட்டிலுக்குள் ஷோல், தொங்கும் முந்தானை, அவிழ்ந்த தலைமயிர், தளர்ந்த வளையல் எதற்கும் இடமில்லை. பெல்ட்டுக்கும் புல்லிக்கும் மேல் பழைய எண்ணெய் ரின்னை வெட்டி மூடி போட்டிருக்கிறார். சகோதரிகளே, ஆண்கள் இருக்கும் பட்டறையில் இந்த ஆபத்து அவ்வளவு தெரியாது. நம் உடைதான் சுழலும் எதற்கும் முதலில் இரையாவது. மூடி போடாத பெல்ட்டுக்கு அருகே குழந்தையையும் விடக் கூடாது, நாமும் உட்காரக் கூடாது.

பிளக்கைக் கழற்றும் பழக்கத்துக்கு வேறொரு கதை. 2022-இல் நாடு முழுவதும் மின்வெட்டு. மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த நாட்களில் தெரிந்த ஒருவர் வீட்டில் அரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. சுவிட்சை நிறுத்த மறந்து உள்ளே கைவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்துவிட்டது. விரல் நுனி ஒன்று போயிற்று. பெரிய தொழிற்சாலை இயந்திரங்களில் மின் போய் வந்தால் தானாக ஓடாதபடி சிறப்பான சுவிட்ச் உண்டு. வீட்டில் செய்த கருவியில் அது இராது. நம் கைதான் அந்தச் சுவிட்ச்.

கருவியில் இரண்டாவது அச்சு ஒன்றும் இருக்கிறது. பெல்ட்டை மாற்றிப் போட்டால் 6 அங்குலச் சாணைக்கல் சுழலும். அக்காவின் அயலில் பன்னவேலை செய்யும் பெண்கள் பலர். கடகம், நீத்துப்பெட்டி, சுளகு என்று இழைப்பவர்களுக்குச் சத்தகம் கூராக இல்லாவிட்டால் ஓலை நார் நாராகக் கிழியும். முன்பு சந்தைக்குப் போகும் ஆண்களிடம் கொடுத்தனுப்பித் தீட்டுவார்கள், திரும்பி வர நாலு நாள். இப்போது இங்கேயே. நான் இருந்த பொழுதிலேயே இரண்டு பேர் சத்தகத்தோடு வந்தார்கள். ஒருவர் ஆட்டுக்குக் குழை வெட்டும் கொக்கச்சத்தகமும் கொண்டுவந்தார். காசு வாங்கினாரா என்றால், ஒருவரிடம் வாங்கினார், மற்றவரிடம் ஒரு நீத்துப்பெட்டி பேசிக்கொண்டார்.

சாணைக்கல் விளையாட்டுப் பொருளல்ல. கல்லின் மேல் எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். மோட்டரின் வேகம் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். பூட்டுவதற்கு முன் கல்லை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்கிறார் அக்கா. மண்சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே போல. ‘டிங்’ என்றால் நல்ல கல். ‘தொக்’ என்றால் உள்ளே வெடிப்பு. அதை எறிந்துவிட வேண்டும், இந்த ஒன்றை மட்டும் எறியலாம். ஓடத் தொடங்கும்போது கல்லுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நிற்பது, கண்ணாடி போடுவது, கத்தி நீலம் பாயாதபடி அடிக்கடி தண்ணீரில் தோய்ப்பது எல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது. நீலம் பாய்ந்த அலகு கூர் நிற்காது.

எல்லாப் பழைய மோட்டரும் இதற்கு உதவுமா என்று கேட்டேன். மோட்டர் சுற்றும் அண்ணை மாலையில் தேத்தண்ணிக்கு வந்தார், அவரே சொன்னார். மின்விசிறி மோட்டருக்கு இழுவை போதாது. மிக்சி மோட்டர் மிகுந்த வேகம். சில நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட அது பிறக்கவில்லை. உள்ளே கரித்துண்டு உரசித் தீப்பொறி பறக்கும், சுமையின்றி விட்டால் வெறிபிடித்து ஓடும். குளிர்சாதனப் பெட்டி மோட்டர் எண்ணெய்க்குள் மூழ்கி அடைபட்டிருப்பது, அதற்கு வெளியே அச்சே கிடையாது. உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் மோட்டர் நல்லது, ஆனால் சிலவற்றில் கூடு திறந்தபடி இருக்கும். தூசு போகாமல், ஆனால் காற்றுப் போகும்படி மூட வேண்டும். தண்ணீர் மோட்டரே இவற்றுள் சிறந்தது. மூடிய கூடு, பின்னால் காற்றாடி, உள்ளே உரசும் கரித்துண்டு இல்லை. நிக்கொலா தெஸ்லா 1888-இல் காப்புரிமை பெற்ற தூண்டல் மோட்டரின் வழிவந்தது. தேய்வதற்கு அதில் பெயரிங்கைத் தவிர அதிகம் எதுவும் இல்லை.

“ஆனா தங்கச்சி, வயரிலை மட்டும் நீங்களாக் கைவைக்கப்படாது” என்றும் சொன்னார். மோட்டரின் கூட்டுக்கு எர்த் வயர் கட்டாயம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். சுழலும் திசை தப்பாயிருந்தால் சாணைக்கல்லின் நட்டு ஓடஓடக் கழன்றுவிடும். திசையை மாற்ற உள்ளே இரண்டு முனைகளை மாற்றிக் கட்ட வேண்டும், அதைத் தெரிந்தவரிடமே கொடுங்கள். கப்பாசிற்றர் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். இது எனக்குத் தெரியும். ஒருமுறை வீட்டில் கழற்றி வைத்திருந்த ஒன்றைத் தூக்கி, முழங்கை வரை உதறியெறிந்த அனுபவம் உண்டு. பழைய இழைக் குமிழ் ஒன்றின் இரு வயரையும் அதில் தொட்டு மின்னை வடித்துவிட்ட பிறகே அண்ணை கை வைக்கிறார்.

மின்கட்டணம் எப்படி என்பது எந்த இல்லத்தரசியும் கேட்கும் கேள்வி. நானும் கேட்டேன். இருபது தேங்காய்க்கு அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. அரைக் குதிரைவலு மோட்டர் அந்த நேரத்தில் கால் அலகு முதல் அதற்குச் சற்று மேலாக எடுக்கும், அவ்வளவுதான். அக்கா ஒரு கொப்பியில் தேங்காய், மா, விறகு, கரண்ட் என்று நாலு நிரல் போட்டு எழுதி வைத்திருக்கிறார். கரண்ட் நிரலில்தான் இலக்கங்கள் சின்னன். மணிக்கட்டு முழுதாகச் சுகமாகிவிடவில்லை. ஆனால் இரவில் நித்திரை வருகிறது என்றார்.

அத்தானைப் பற்றி அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் அப்படியே கிடந்தன. புறப்படும்போது மட்டும், மோட்டரின் பக்கத்தில் பச்சை பூசிய இடம் ஒன்றைக் காட்டி, “இது அவர் பூசினது. மற்றதெல்லாம் நான் பூசினனான், இதை விட்டிட்டன்” என்றார்.

மாலைப் பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போது ஏரி பொன்னிறமாகக் கிடந்தது. மடியில் அக்கா தந்த நீத்துப்பெட்டி. வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றவும் பொறுக்காமல் பின்விறாந்தைக்குப் போனேன். மூன்று வருடமாக நெல்லுச் சாக்கின் கீழ் எங்கள் பழைய தண்ணீர் மோட்டர். அடுத்த கிழமை பழைய இரும்புக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். பம்பியின் அடியில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. பின்பக்கக் காற்றாடியை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளினேன். ‘கரக்’ என்று ஒரு சத்தம், பிறகு அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.